காபி குடித்த கையோடு பி.பி. பார்த்தால்

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வயது 34. சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று எந்தத் தொந்தரவும் கிடையாது. தினமும் மூன்று கப் காபி குடிப்பவர். வேலை விஷயமாக உடல் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து முடித்ததும் ஒரு காபி குடித்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கையில் பட்டையைச் சுற்றி அளந்ததில் 138/88. "இதுவரை 120-ஐத் தாண்டியதே இல்லை. காபிதான் காரணமா? இனி காபியை விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்கிறார்.

காபி பி.பி.யை ஏற்றும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது சில மணி நேரத்தில் இறங்கிவிடும் ஏற்றம். தினமும் குடிக்கிற உடம்பில் அது இன்னும் சிறுத்துப்போகும். உங்கள் 138-இல் காபிக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம், முழுப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துப் பயந்து காபியை விடுவது அவசரம். 'அன்றைக்குக் காபி குடித்திருந்தேன், அதனால்தான்' என்று சொல்லி அந்த எண்ணையே மறந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

முதலில் காஃபீன் உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பில் அடினோசின் என்று ஒரு பொருள் உண்டு. செல்கள் ஆற்றலைச் செலவழிக்கச் செலவழிக்க இது சேர்ந்துகொண்டே வரும். மூளையில் இதன் வேலை களைப்பையும் தூக்கத்தையும் வரவழைப்பது. பெரும்பாலான ரத்தக் குழாய்களில் இதன் வேலை சுவரைத் தளர்த்திக் குழாயை விரிப்பது. இந்த வேலைகளைச் செய்ய அது செல்களின் மேலுள்ள தனக்கான ஏற்பிகளில் போய் உட்கார வேண்டும். காஃபீனுக்கு அடினோசினின் சாயல் உண்டு. அதனால் முந்திக்கொண்டு போய் அந்த இருக்கைகளில் துண்டு போட்டுவிடுகிறது. இடத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, அடினோசினின் வேலையைச் செய்யாது. தூக்கம் தள்ளிப்போவதும் இதனால்தான், ரத்தக் குழாய்கள் கொஞ்சம் இறுகுவதும் இதனால்தான்.

இது எவ்வளவு வலுவான விளைவு என்பதற்கு மருத்துவமனைகளிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. டிரெட்மில்லில் ஓட முடியாதவர்களுக்கு, அடினோசின் மருந்தை நரம்பில் செலுத்தி இதயத்தின் ரத்தக் குழாய்களை விரியவைத்து ஸ்கேன் எடுப்பார்கள். அந்தச் சோதனைக்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் எதையும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்கள். ரத்தத்தில் காஃபீன் இருந்தால் குழாய்கள் விரிய வேண்டிய அளவுக்கு விரியாது, ஸ்கேன் முடிவே தப்பாகிவிடலாம். மறந்துபோய்க் குடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சோதனையையே வேறு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள்.

குழாய் இறுகுவதோடு, உடம்பை உஷார்படுத்தும் ஹார்மோன்களான அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் கூடுகின்றன. இதை அழகாகக் காட்டியது 1978-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராபர்ட்சன் குழுவினர் செய்த ஆய்வு. காபிப் பழக்கமே இல்லாத, ஆரோக்கியமான 9 இளைஞர்களுக்கு 250 மி.கி. காஃபீன் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மேல் அளவு சராசரியாக 14, கீழ் அளவு 10 ஏறியது. ரத்தத்தில் நார்அட்ரினலின் 75 சதவீதமும் அட்ரினலின் 207 சதவீதமும் கூடியிருந்தன. இதயத் துடிப்போ முதலில் லேசாகக் குறைந்து, அப்புறம்தான் ஏறியது. 'காபி குடித்தால் இதயம் வேகமாக அடிக்கும், அதனால்தான் பி.பி. ஏறுகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றத்தில் பெரும் பங்கு குழாய்கள் இறுகுவதால் வருவது. எனவே 'எனக்குப் படபடப்பு எதுவும் இல்லையே, பி.பி.யும் ஏறியிருக்காது' என்று கணக்குப் போட வேண்டாம். படபடப்பு இல்லாமலேயே ஏறும்.

இந்த ஏற்றம் குடித்த அரை மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம். அதன் பிறகு மெல்ல வடியும், சிலருக்கு நாலு மணி நேரத்துக்கு மேலும் மிச்சம் இருக்கும். நீங்கள் குடித்த காபி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் உங்களுக்கு அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால் தினமும் மூன்று கப் குடிக்கிற எல்லோருக்கும் நாளெல்லாம் 14 கூடுதலாகவே இருக்குமா? இல்லை. அதே ராபர்ட்சன் குழு 1981-இல் அடுத்த ஆய்வை வெளியிட்டது. 250 மி.கி. வீதம் தினமும் மூன்று வேளை தொடர்ந்து காஃபீன் கொடுத்தபோது, ஒன்று முதல் நாலு நாளைக்குள் பி.பி. ஏற்றமும் அட்ரினலின் ஏற்றமும் ஏறக்குறைய அடங்கிப்போயின. முதல் நாள் துள்ளிய உடம்பு நாலாம் நாள் பழகிக்கொண்டது. பரீட்சைக் காலத்தில் மட்டும் காபி குடிக்கிற மாணவருக்கும், இருபது வருடமாகக் காலை மாலை தவறாமல் குடிக்கிறவருக்கும் ஒரே கோப்பை வேறு வேறு வேலை செய்வது இதனால்தான்.

'பழகிவிட்டால் ஒன்றும் செய்யாது' என்று இங்கேயே முடித்துவிடலாம்தான், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. 2004-இல் வில்லியம் லோவாலோ குழுவினர் ஆட்களுக்கு ஐந்து நாள் தினமும் காஃபீன் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஆறாம் நாள் மறுபடி கொடுத்து அளந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பழக்கம் முழுமையாக வரவில்லை. தினமும் குடித்தும் அவர்களுக்குப் பி.பி. ஏறவே செய்தது, முதல் நாள் அளவுக்கு இல்லாவிட்டாலும். நீங்கள் எந்தப் பாதி என்று முகத்தைப் பார்த்தோ எடையைப் பார்த்தோ யாரும் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காலையின் முதல் கோப்பை. ரத்தத்தில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறைய ஆரோக்கியமான ஒருவருக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால், படுக்கும்போது இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். கடைசிக் காபியை மாலையிலேயே முடித்திருந்தால் இன்னும் குறைவு. அந்த இடைவெளியில் ஏற்பிகள் ஓரளவு காலியாகிவிடும். ஆகவே நாளின் முதல் காபிக்கு இரண்டாவது, மூன்றாவது கோப்பைகளைவிடக் கொஞ்சம் வேகம் அதிகம். பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்து நீங்கள் குடித்தது அந்த முதல் கோப்பைதான்.

நான் சொன்ன 5 மணி நேரமும் எல்லோருக்கும் பொருந்தாது. காஃபீனைக் கரைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அதன் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த நொதி வேகமாக ஓடும், காஃபீன் சீக்கிரம் வெளியேறும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது 15 மணி நேரம் வரைகூட இழுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும், ஃப்ளூவாக்சமின் என்ற மனச்சோர்வு மருந்தும் இதே நொதியை மந்தமாக்கும். அந்த மருந்து ஓடும் நாட்களில் வழக்கமான இரண்டு கப் நாலு கப் மாதிரி வேலை செய்யும். சிகரெட்டை நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது. நொதி பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுவதால், அதே அளவு காபிக்கு ரத்தத்தில் முன்பைவிட அதிகக் காஃபீன் தங்கும். 'சிகரெட்டை விட்டதிலிருந்து கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை' என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் குறைக்காமல் விட்ட காபி.

சரி, காபியும் காஃபீனும் ஒன்றா? பி.பி. விஷயத்தில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2005-இல் 16 ஆய்வுகளை, மொத்தம் 1,010 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று வந்தது. எல்லாமே குறைந்தது ஒரு வாரமாவது தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகள். மாத்திரையாகக் காஃபீன் எடுத்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 4.16, கீழ் அளவு 2.41 கூடியது. காபியாகக் குடித்தவர்களுக்கு 1.22, 0.49 மட்டுமே. காபியில் காஃபீனைத் தவிர குளோரோஜெனிக் அமிலம், பொட்டாசியம் என்று எத்தனையோ பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சில எதிர்த்திசையில் இழுக்கின்றன என்பது ஒரு விளக்கம். காபியின் கதை காஃபீனோடு முடியவில்லை என்பதற்கு வேறொரு சான்று 2002-இல் ஜூரிக்கிலிருந்து வந்தது. காபிப் பழக்கமில்லாதவர்களுக்குக் காஃபீன் நீக்கிய எஸ்பிரெஸோ கொடுத்தபோதும் மேல் அளவு ஏறியது. பழக்கப்பட்டவர்களுக்குக் காஃபீன் உள்ள காபி கொடுத்தும் ஏறவில்லை. காஃபீன் நீக்கிய காபிக்கு மாறிவிட்டால் பி.பி. கவலையே இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எனர்ஜி டிரிங்க் வேறு ரகம், அதைக் காபியோடு சேர்த்து எண்ண வேண்டாம். சூடான காபியை ஊதி ஊதிக் குடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். குளிர்ந்த, இனிப்பான பானம் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும், ஒன்று போதாமல் இரண்டாவதையும் உடைப்பார்கள். 2015-இல் மேயோ கிளினிக்கில் 25 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 240 மி.கி. காஃபீன் உள்ள 480 மி.லி. எனர்ஜி டிரிங்க் கொடுத்தார்கள். மேல் அளவு சராசரியாக 6.2 சதவீதம் ஏறியது. அதே சுவையில் காஃபீன் இல்லாத போலிப் பானம் கொடுத்தபோது ஏறியது 3.1 சதவீதம். நார்அட்ரினலின் 74 சதவீதம் கூடியது, போலிப் பானத்துக்கு 31. தினசரி காபிக்கு நான் இவ்வளவு பரிந்து பேசினாலும், இந்த டின்களுக்காக ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். அதுவும் கடுமையான உடற்பயிற்சிக்கு முன்னால் இரண்டு டின் குடிக்கும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதை முதலில் நிறுத்துங்கள்.

வருடக்கணக்கில் காபி குடித்தால் நிரந்தரமாக பி.பி. வருமா என்பது பலருடைய நிஜமான பயம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்த 1,017 ஆண்களை 33 வருடம் தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் குடிக்கும் ஒவ்வொரு கப்புக்கும் மேல் அளவு 0.19, கீழ் அளவு 0.27 கூடுதல். உங்கள் மூன்று கப்புக்கு இது ஒரு புள்ளிகூட வராது. அமெரிக்க செவிலியர்கள் 1,55,594 பேரைப் பற்றிய ஆய்வு 2005-இல் வந்தது. காபி குடிப்பதற்கும் புதிதாக உயர் ரத்த அழுத்தம் வருவதற்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. கோலா குடிப்பதற்குத் தொடர்பு இருந்தது, சர்க்கரை போட்டதற்கும் சர்க்கரை இல்லாததற்கும். இவை எல்லாம் மக்களை விலகி நின்று கவனித்த ஆய்வுகள், எது காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இத்தனை வருடம், இத்தனை பேரில் காபியால் பெரிய தீங்கு இருந்திருந்தால் அது கண்ணில் படாமல் போயிருக்காது என்பது என் கருத்து.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது: ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரே தடவையில் 200 மி.கி., ஒரு நாளில் 400 மி.கி. வரை எடுப்பதில் கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200 தான். இதில் 'கப்' என்ற கணக்குதான் ஏமாற்றும். 240 மி.லி. வடித்த காபியில் சுமார் 95 மி.கி. இருக்கும், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 60, டீயில் 40 முதல் 50, ஒரு கோலா டின்னில் 30 சொச்சம். தூளின் வகை, போடும் அளவு, வடிக்கும் நேரம் இவற்றைப் பொறுத்து இதே கப் இரட்டிப்பாகவும் ஆகலாம், பாதியாகவும் ஆகலாம். தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் காஃபீன் சேர்ப்பார்கள், அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும்.

இப்போது உங்கள் 138/88-க்கு வருவோம். அன்று நடந்ததை மெதுவாக நினைத்துப் பாருங்கள். ரத்தம் எடுத்த பதற்றம். காபி குடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வேகமாக நடந்து போனீர்கள். உட்கார்ந்த கையோடு பட்டையைச் சுற்றியிருப்பார்கள், ஒருவேளை சட்டைக் கையின் மேலேயே. முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூல், கை மடியில். காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே 'வயசு என்ன, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் பதில் சொல்லியிருப்பீர்கள். இவை ஒவ்வொன்றும் பி.பி.யை ஏற்றும். கையை மேசை மேல் வைக்காமல் மடியில் வைத்தால் மட்டுமே மேல் அளவு சுமார் 4 புள்ளி கூடுதலாகக் காட்டும், பக்கத்தில் தொங்கவிட்டால் 6.5 என்று 2024-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஏறும். முறையாக அளப்பதென்றால் அதற்கு முன் அரை மணி நேரமாவது காபி, சிகரெட், உடற்பயிற்சி மூன்றும் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கை இதய உயரத்தில், பேச்சில்லாமல். அரை மணி நேரம் என்பது குறைந்தபட்சம்தான். காஃபீனின் உச்சம் அதற்குப் பிறகே வருகிறது என்பதால், நானாக இருந்தால் காபிக்கு முன்னாலேயே அளந்துவிடச் சொல்வேன்.

உங்களுக்குக் காபி எவ்வளவு ஏற்றுகிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மேல்கையில் சுற்றும் மெஷின் ஒன்று வேண்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வழக்கமான காபி. அதே நாற்காலியில், அதே கையில், அரை மணி நேரம் கழித்தும் ஒரு மணி நேரம் கழித்தும் அளந்து பாருங்கள். இடையில் மாடிப்படி ஏறுவது, போனில் சண்டை போடுவது எல்லாம் வேண்டாம். ஒரு நாள் போதாது, பி.பி. இயல்பாகவே ஏறி இறங்கும். மூன்று நாள் காபியோடும் மூன்று நாள் அதே அளவு வெந்நீரோடும் செய்தால்தான் காபியின் பங்கு தனியாகத் தெரியும். ஒன்று, வெந்நீர் நாட்களில் மதியத்துக்கு மேல் தலை வலிக்க ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். காபியை நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்தில் வரும் வழக்கமான தலைவலி அது. அளந்து முடித்த பிறகு காபியைக் குடித்துவிட்டால் போய்விடும். என்றைக்காவது காபியைக் குறைக்க முடிவு செய்தாலும் ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கப் என்று இறக்கிக்கொண்டு வாருங்கள்.

காபிக்குப் பிறகு நாலைந்து புள்ளி ஏறினால் அது உடம்பின் இயல்பான பதில். ஒவ்வொரு முறையும் பத்துக்கு மேல் ஏறுகிறது என்றால் நீங்கள் பழக்கம் முழுமையாக வராத பாதியில் இருக்கிறீர்கள். மூன்றை இரண்டாக்கி, வேலை அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தைத் தவிர்த்துக் குடிப்பது நல்லது. மன அழுத்தம் ஏற்றுவதன் மேல் காஃபீனும் தன் பங்கைச் சேர்க்கும். ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு 200 முதல் 300 மி.கி. காஃபீன் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 8.1/5.7 ஏற்றி, மூன்று மணி நேரத்துக்கு மேலும் நிற்கிறது என்று 2011-இல் வந்த தொகுப்பு ஒன்று காட்டியது. 160/100-ஐத் தொடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காபி அளவை முடிவு செய்யக் கூடாது.

ஆரம்பத்தில் என் கவலை என்று சொன்னது இதுதான். காபிக்கு முன்னால் எடுத்த எண்களை மட்டும் தனியாகப் பாருங்கள். ஏழு நாள், காலையும் மாலையும் இப்படிக் காபிக்கு முன்னால் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி. அது 120-ஐ ஒட்டி நின்றால், அன்றைய 138 அந்த அரை மணி நேரத்தின் கணக்கு. நிம்மதியாக உங்கள் மூன்று கப்பைக் குடியுங்கள். ஆனால் காபியே உள்ளே போகாத காலை நேரத்திலும் சராசரி 135/85-ஐத் தொடுகிறது என்றால், காரணத்தைக் காபியில் தேடி நாளைக் கடத்த வேண்டாம். 34 வயதில் பி.பி. வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. உப்பு, எடை, தூக்கம், குறட்டை, குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே பி.பி. இருந்ததா என்று மருத்துவர் கேட்பதற்கு நிறைய இருக்கும். அந்த ஏழு நாள் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் மெஷினையும் கொண்டுபோய், அவர்கள் அளக்கும் எண்ணோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.